நாய்ப் பொருத்தம்

நாய் வாங்கலாம் என்று பேச்சு எழுந்த வீட்டில் மகன் ஹஸ்கி கேட்பான். மகள் கோல்டன் ரிட்ரீவர் என்பாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏதோ ஒரு நல்ல ஜாதி நாயா இருக்கட்டும்" என்பார். அம்மா மட்டும், "நாய் வந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்பார். நால்வரில் அம்மா சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதத்திலிருந்து அந்த நாய் அவருடையது. சோறு வைப்பதும் உண்ணி பொறுக்குவதும் மழை நாளில் சேற்றுக் காலைத் துடைப்பதும் அவர்தான். அவர் அம்மா வீட்டுக்குப் போனால் நாயும் கூடவே போகும்.

ஆகவே இந்த வழிகாட்டி அம்மாக்களுக்கானது. மற்றவர்கள் ஓரமாக நின்று படித்துக்கொள்ளலாம்.

நாய் வளர்ப்புப் புத்தகங்கள் எல்லாம் வீட்டின் பரப்பளவை அளந்து அதற்கேற்ற இனத்தை வாங்கச் சொல்கின்றன. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் இப்படி ஒன்றை வாங்கி வைத்தால், வந்த முதல் வாரத்திலேயே குட்டி அதைக் கடித்துத் தின்றுவிடும், அதுவரைக்கும் பயன்படும். ஆனால் சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப்பான நெய்வேலியில் வீட்டை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. குவார்ட்டர்ஸ் கிரேடைப் பார்த்துத் தானாக வருகிறது. வீடு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சுற்றிலும் மண் இருக்கும், ஒரு மாமரம் இருக்கும், முருங்கை இருக்கும், போன தலைமுறை நட்டுவிட்டுப் போன தென்னை இருக்கும். சென்னையில் அறுபது லட்சம் கொடுத்து மூன்றாவது மாடியில் பால்கனி வாங்கியவர் கண்ணில் நீர் வரும் அளவுக்கு இடம். எனவே இடப் பொருத்தத்தை விட்டுவிடலாம். இங்கே பார்க்க வேண்டிய பொருத்தங்கள் வேறு.

ஜாதகத்தை முதலில் முடித்துவிடுவோம், யாராவது கேட்கத்தான் போகிறார்கள். கல்யாணத்துக்குப் பார்க்கும் பத்துப் பொருத்தத்தில் யோனிப் பொருத்தம் என்று ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம். திருவாதிரைக்கும் மூலத்துக்கும் நாய். அனுஷத்துக்கும் கேட்டைக்கும் மான். நாயும் மானும் பகை. ஆகவே கேட்டை நட்சத்திரத்து மாமியார் உள்ள வீட்டில் நாய் ஆகாது என்று ஜோசியர் சொல்லலாம். அவரிடம் திருவாதிரை நடராஜருக்கு உரிய நட்சத்திரம் என்பதை நினைவுபடுத்துங்கள். பெரிய ஐம்பொன் நடராஜரை வைத்துக் கும்பிடுகிற ஊர் இது, சிதம்பரமும் பக்கத்தில்தான். ஜோசியர் அத்தோடு பரிகாரத்துக்கு இறங்கி வந்துவிடுவார்.

உண்மையில் பார்க்க வேண்டியது ஷிப்ட். வீட்டுத் தலைவர் மாறி மாறி மூன்று ஷிப்டும் பார்ப்பவரா, ஜெனரல் ஷிப்டா? நைட் ஷிப்ட் முடித்து வந்து, இட்லியைத் தின்றுவிட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கிக்கொண்டு தூங்குகிற மனிதர் உள்ள வீட்டில் ஸ்பிட்ஸ் வைக்காதீர்கள். நம் ஊரில் பொமரேனியன் என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளைப் பஞ்சு உருண்டை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். வெயிலைத் தாங்கும், கொஞ்சமாகத் தின்னும், பதினாலு பதினைந்து வயது வரை இருக்கும். நல்ல நாய். ஆனால் கீரைக்காரம்மா, கேஸ் சிலிண்டர், கூரியர், எதிர்வீட்டுப் பூனை, மாமரத்து அணில், காற்றில் ஆடும் அதே மாமரம், இத்தனைக்கும் தனித்தனியாகக் குரைக்கும். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை அதற்கு டியூட்டி. அந்த நேரத்தில்தான் வீட்டுத் தலைவருக்குத் தூக்கம். இரண்டில் ஒன்று வேலையை ராஜினாமா செய்ய வேண்டியிருக்கும்.

ஷிப்ட் வீட்டுக்கு இன்னொரு சங்கடம், வாக்கிங். நாய்க்குக் கடிகாரம் உண்டு. ஒரு வாரம் அதிகாலையில், அடுத்த வாரம் மத்தியானத்தில், அதற்கடுத்த வாரம் யாருமே கூட்டிப் போகவில்லை என்றால் அது தன் வாக்கிங்கை வரவேற்பறையிலேயே முடித்துக்கொள்ளும். ஜெனரல் ஷிப்ட் குடும்பங்களுக்கு மட்டுமே லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் வகையறா பொருந்தும். சுரங்க வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையைப் பார்த்துவிட்டு, நம் வீட்டு வாசலுக்கும் அப்படி ஒரு மிடுக்கு வேண்டும் என்று ஜெர்மன் ஷெப்பர்ட் வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். படையில் இருக்கிற நாய்க்குத் தினமும் பயிற்சி, வேலை, ஒரு பொறுப்பாளர் எல்லாம் உண்டு. நம் வீட்டு ஷெப்பர்டுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத ஷெப்பர்ட் தானே ஒரு வேலையை உண்டாக்கிக்கொள்ளும். சோபாவைப் பிரித்துப் பார்ப்பது அதில் முதல் வேலை.

அடுத்தது மண். இங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பது செம்மண். ஒரு டன் நிலக்கரி எடுக்க 5 கன மீட்டருக்கு மேல் மேல்மண்ணை அள்ளிப் போடுகிறார்கள். காற்றடித்தால் அது எங்கே வரும் என்று மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்களைக் கேளுங்கள். இந்த ஊரில் வெள்ளை நாய் வாங்குவது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்குவதற்குச் சமம்.

இந்த இடத்தில் ராஜபாளையம் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்க வேண்டாம். 2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. ரோஜா நிற மூக்கும், நீண்ட காலும், பால் வெள்ளை உடம்புமாக அது நிற்கிற நிலையே ஒரு ஜமீன். ஆனால் அந்த வெள்ளையோடு ஒரு வம்பும் கூடவே வருகிறது. சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். "ரொம்பச் சமத்து, சத்தத்துக்கெல்லாம் பயப்படாது" என்பார். குட்டியின் பின்னால் போய், அது பார்க்காதபோது ஒரு தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள். திரும்பாவிட்டால் அது தைரியம் இல்லை. வீட்டில் ஒருவரை மட்டும் தலைவராக ஏற்றுக்கொண்டு மற்றவர்களை விருந்தாளிகளாக நடத்துகிற சுபாவமும் அதற்கு உண்டு. அந்த ஒருவர் நைட் ஷிப்டில் இருக்கும் இரவுகளில் வீட்டார் தண்ணீர் குடிக்க எழுந்து போகலாமா கூடாதா என்பதை அதனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செம்மண்ணுக்குப் பொருத்தமான நிறம் கோம்பைக்குத்தான் உண்டு. தேனிப் பக்கத்து நாய். உடம்பு செம்பழுப்பு, முகவாய் மட்டும் கருப்பு. குளிப்பாட்டினோமா இல்லையா என்பது குளிப்பாட்டியவருக்கே தெரியாது. கருப்பு உடம்பில் பழுப்புப் பொட்டு வைத்த கன்னியும், மெல்லிய இடுப்போடு காற்றைக் கிழித்து ஓடுகிற சிப்பிப்பாறையும் தென்மாவட்டத்து வேட்டை நாய்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இந்த நான்கு பெயர்களையும் சொன்னதிலிருந்து இவற்றுக்குத் திடீர் மவுசு. அதற்கு முன்பு, 1980களின் தொடக்கத்திலிருந்தே, தமிழக அரசு சைதாப்பேட்டையில் ஒரு நிலையம் வைத்து நாட்டு இனங்களை வளர்த்து வந்தது. அப்போது யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. இவை முயலைத் துரத்தப் பிறந்தவை. கேட் திறந்திருக்கிற ஒரு நிமிஷத்தில் டவுன்ஷிப்பின் பதினோராவது வட்டத்திலிருந்து இருபத்தெட்டாவது வட்டம் வரைக்கும் போய்விடும். பின்னால் ஸ்கூட்டியில் அம்மா.

தோண்டுவதில் விருப்பம் உள்ள குடும்பங்களுக்கு டேக்ஸ்ஹண்ட் இருக்கிறது. குட்டைக் கால், நீள உடம்பு. ஜெர்மனியில் வளைக்குள் ஒளிந்திருக்கும் பிராணிகளைத் தோண்டிப் பிடிப்பதற்கென்றே உருவாக்கிய இனம். ஜெர்மன் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் இந்த ஊருக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. இது அவற்றின் வீட்டு உபயோக மாடல். பெரிய யந்திரத்தைப் போலவே இதுவும் இரவு பகல் பார்க்காது. வித்தியாசம் என்னவென்றால், சுரங்கத்தில் அடியில் உள்ள நிலத்தடி நீரின் அழுத்தத்தைக் குறைக்க ஓயாமல் பம்ப் ஓட்டுகிறார்கள், டேக்ஸ்ஹண்ட் அவ்வளவு ஆழம் போவதில்லை, மல்லிச் செடியோடு நிறுத்திக்கொள்ளும். மேல்மண் எங்கே கொட்டப்படும் என்று கேட்காதீர்கள். துளசி மாடத்தில்.

இப்போது மகன் கேட்ட ஹஸ்கி. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது, 1962இல் அதன் முதல் அலகு ஓடத் தொடங்கியது என்பதெல்லாம் உண்மை. ரஷ்யாவிலிருந்து மின்நிலையம் வந்ததால் சைபீரிய நாயும் வரலாம் என்று மகன் வாதாடக்கூடும். மின்நிலையம் கத்திரி வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சிரைப்பதில்லை. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். இரண்டு அடுக்கு ரோமத்தோடு பிறந்த ஹஸ்கிக்கு மே மாதம் முழுக்க ஏசி ஓட வேண்டும். மாநிலத்துக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற ஊர்தான். அதற்காக ஒரு யூனிட்டை நாய்க்கென்று ஒதுக்க முடியாது.

பக் நாய் இதைவிடப் பரிதாபம். 2003இல் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடி நாட்டையே மயக்கியது. அது ஓடிய இடம் கோவாவின் நிழல் சாலை. சப்பை மூக்கு நாய்க்கு மூச்சுக்குழாயே குறுகல். நெய்வேலி வெயிலில் அந்தச் சிறுவனை விரட்டினால் பாதித் தெருவில் உட்கார்ந்துவிடும். தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்ற பட்டியலில் பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் எல்லாம் இடம்பெற்றன. மகனிடம் அரசாணை என்று சொல்லிப் பாருங்கள். அப்பா சொல்வதைவிட அரசு சொல்வதற்கு மரியாதை அதிகம். (ராட்வைலர், பிட்புல் கேட்கிற மகன்களும் உண்டு. மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அம்மாவின் தடையை ரத்து செய்ய எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை.)

சோற்றுப் பொருத்தம். வடலூர் பக்கத்தில்தான். வள்ளலார் 1867இல் தருமசாலையில் அடுப்பு மூட்டிய ஊர். இந்தப் பகுதியில் புலால் பக்கமே போகாத சன்மார்க்கக் குடும்பங்கள் நிறைய. எல்லா உயிருக்கும் இரங்க வேண்டும் என்பதால் நாயை வளர்க்க வேண்டும். அதே காரணத்தால் அதற்குக் கோழி போடக்கூடாது. இந்தத் தர்மசங்கடத்துக்கு அறிவியல் கொஞ்சம் கைகொடுக்கிறது. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் அதிகம் என்று 2013இல் ஓர் ஆய்வு மரபணுவிலேயே காட்டியது. மனிதன் பக்கத்தில் சோற்றுக்காக உட்கார்ந்த காலத்திலேயே அது தன் வயிற்றை மாற்றிக்கொண்டுவிட்டது. தயிர் சாதம் செல்லும், பருப்பும் செல்லும். புரதத்துக்கு என்ன வழி என்று மட்டும் கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி மிஞ்சிய சாம்பார் சாதத்தைத்தான் போடக் கூடாது. அதில் இருக்கிற சின்ன வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பிள்ளைகள் ஆசையாக நீட்டுகிற சாக்லேட்டும் திராட்சையும்கூட நாய்க்கு விஷம்தான்.

லாப்ரடாருக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. அதற்குப் பசி தீராது. நாம் அதைச் சாப்பாட்டு ராமன் என்று திட்டிக்கொண்டிருந்தோம்; 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஒரு மரபணுவில் ஒரு துண்டே காணாமல் போயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பாவம், சொல்ல ஆள் இல்லை. பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வந்து இறங்குகிற மாதங்களில் அதை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். சுளை போய்விடும், பரவாயில்லை. கொட்டையோடு போனால் பாண்டிச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி வரைக்கும் காரில் போக வேண்டிவரும். லாப்ரடாருக்குக் காரில் போவது பிடிக்கும், அதனால் மறுபடி ஒரு கொட்டையை விழுங்கும்.

இனி, எல்லாப் பொருத்தத்திலும் பெரிய பொருத்தம். நெய்வேலிக்காரர்களுக்கு உலகத்தில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. வாழ்க்கை எந்தத் தேதியில் மாறும் என்பது வேலையில் சேர்ந்த அன்றே தெரியும். அறுபது வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாள் மாலை, சால்வை, இனிப்பு, குழு போட்டோ. அதன் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நாய்க்கு அந்தத் தேதி தெரியாது. ஆகவே கணக்கு நீங்கள்தான் போட வேண்டும். அறுபதிலிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள். மிச்சம் 15 இருந்தால் ஸ்பிட்ஸ். 12 இருந்தால் லாப்ரடார். 8 இருந்தால், அதாவது உங்களுக்கு ஐம்பத்திரண்டு என்றால், கிரேட் டேன்; குதிரை உயர நாய், அதன் ஆயுளே ஏழெட்டு பத்துதான், பெரிய நாய்களுக்கு ஆயுள் குறைவு. உங்கள் கூடவே சர்வீஸை முடிக்கிற ஒரே இனம் அதுதான். ஆனால் அது தின்னும் தீனிக்கு உங்கள் பி.எஃப். கணக்கில் முன்பணம் எடுக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஐம்பத்தேழாவது வயதில், பிள்ளைகள் இரண்டும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போன பிறகு, வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று கோல்டன் ரிட்ரீவர் குட்டி வாங்குகிறார்கள். மூன்று வருஷம் கழித்து அந்தக் குட்டி முழு நாயாகி, மாமரத்தடிதான் உலகம் என்று முடிவு செய்திருக்கும்போது லாரி வந்து நிற்கிறது. போகிற இடம் தாம்பரத்தைத் தாண்டி ஒரு அடுக்குமாடி. அங்கே நாயை லிப்டில் ஏற்றக்கூடாது என்று சங்கச் செயலாளர் சொல்வார். விலங்கு நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் அப்படித் தடுக்க முடியாது என்று இருக்கிறது. அதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லை சென்னை மாநகராட்சிக்குள் வந்தால் உரிமமும் எடுக்க வேண்டும். வடலூரிலோ மந்தாரக்குப்பத்திலோ மனை வாங்கிப் போட்டிருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்கள் நாயைத் தூக்கிக்கொண்டு போகலாம். அந்த ஊர்த் தெருவில் ஏற்கனவே இருக்கிற நாய்கள் அதற்கு வரவேற்புக் கமிட்டி அமைக்கும்.

கூட்டிப் போகாதவர்களும் இருக்கிறார்கள். குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும்போது மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, கதவுத் தாழ் சரியாக இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது வழக்கம். நாய் அந்தப் பட்டியலில் வராது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு ஊரையே காலி செய்கிறவர்களின் கதையும் இதுதான். இழப்பீட்டில் வீடு உண்டு, கிணறு உண்டு, மரம் உண்டு. நாய்க்கு வரிசை எண் கிடையாது.

இத்தனையும் படித்த பிறகும் நாய் வேண்டும் என்றால், கடைக்குப் போவதற்கு முன் உங்கள் வட்டத்தில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். காதில் பாதி இல்லாத, வால் சுருண்ட, நிறம் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நாய் ஏதாவது ஒரு கேட்டின் முன்னால் படுத்திருக்கும். அதற்கு வெயில் பொருந்தும், மண் பொருந்தும், சாம்பலும் பொருந்தும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து ஊரின் பாதி மரத்தைச் சாய்த்துவிட்டுப் போன மறுநாள் காலையில், விழுந்த மரத்தின் மேல் ஏறி நின்று ஊரைப் பார்வையிட்டது இவற்றின் பாட்டன்மார்கள். மூன்று ஷிப்டும் அதற்குத் தெரியும். யார் எந்த வாரம் நைட், யார் வீட்டில் எப்போது டிபன் பாக்ஸில் மிச்சம் இருக்கும் என்பது டைம் ஆபீஸைவிட அதற்குத் துல்லியம்.

வாங்கும் செலவு இல்லை. ஆனால் அதற்கு ஏற்கனவே மூன்று வீடுகள் இருக்கும். முதல் வீட்டில் அதன் பெயர் மணி, காலை இட்லி. அடுத்த வீட்டில் டைகர், மத்தியானம் மீன் முள். கடைசி வீட்டில் ஜிம்மி, ராத்திரி பால் சாதம். மூன்று பெயருக்கும் திரும்பும். நீங்கள் நான்காவதாகச் சேர்ந்து புருனோ என்று பெயர் வைத்தால் முதல் இரண்டு நாள் யாரையோ கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளும். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தத்துக்குப் பிறகு புருனோவுக்கும் திரும்பும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வெறிநாய்க்கடி ஊசி போட்டாயிற்றா? மணி வீட்டார், "டைகர் வீட்ல போட்டிருப்பாங்களே" என்பார்கள். டைகர் வீட்டார் ஜிம்மி வீட்டைக் கை காட்டுவார்கள். ஜிம்மி வீட்டுப் பெரியவர், அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்ட தன் கதையை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு, "ஏன், மணி வீட்ல போடலியா?" என்று கேட்பார். யாரும் போட்டிருக்க மாட்டார்கள். 1907இலிருந்து குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் இந்த நோய்க்கு எதிராக வேலை செய்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து மருந்து நம் கைக்கு வந்தாலும் நாய் வரைக்கும் போக இன்னும் நாலு வீடு தாண்ட வேண்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒன்று. கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. மிளகாய்த் தூள், மஞ்சள், மந்திரம் எதுவும் வேண்டாம்.

நாலு வீடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து நாயைப் பிடியுங்கள். ஆளுக்கு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நடுவில் நின்று குழம்பும், அப்போது பிடித்துவிடலாம். மருத்துவர் அட்டையில் நாயின் பெயர், உரிமையாளர் பெயர் என்று இரண்டு கோடு இருக்கும். முதல் கோட்டில் நாலு பெயரையும் எழுதச் சொல்லுங்கள், நெருக்கி எழுதினால் இடம் போதும். இரண்டாவது கோட்டுக்குத்தான் அவர் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பார். அம்மா பெயரைச் சொல்லிவிடுங்கள்.